தெய்வம் தத்துப் பிள்ளையான ஊர்

மாசி மகத்தன்று திருவண்ணாமலையில் ஒரு காரியம் நடக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு மலையைச் சுற்றிக் கூடுகிற லட்சோபலட்சம் ஜனங்களில் பாதிப் பேருக்காவது அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அன்று அண்ணாமலையார் கோயிலிலிருந்து சுவாமி புறப்பட்டு, ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டு என்னும் கிராமத்தில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளுகிறார். மாசி மகத்தன்று சுவாமி நீராடப் போவது மற்ற ஊர்களிலும் உள்ள வழக்கந்தான். இந்த ஊர்ச் சுவாமி நீராடுவதோடு நிற்பதில்லை; தகப்பனாருக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.

பிறப்பும் இறப்பும் இல்லாதவர் என்று நாம் தோத்திரம் செய்கிற பரமசிவனுக்குத் தகப்பனார் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். அவர் பெயர் வல்லாள மகாராஜா. திதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே, தைப்பூசத்தன்று, ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து மேளதாளத்தோடு சுவாமி திரும்புகிற சமயத்தில், வல்லாள மகாராஜா போரில் மாண்டுபோனார் என்ற செய்தி அவருக்கு அறிவிக்கப்படுகிறது. உடனே மேளம் நின்றுவிடும். துக்கம் கேட்ட பிள்ளையாகச் சுவாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். ஏறக்குறைய எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் இறந்துபோன ஒரு மனிதருக்காக இன்றைக்கும் நாகசுரத்தை நிறுத்துகிற ஊர் அது.

கதையைச் சைவ எல்லப்ப நாவலர் தமது அருணாசல புராணத்தில் பாடியிருக்கிறார். வல்லாள ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. மல்லம்மாதேவி, சல்லம்மாதேவி என்று இரண்டு ராணிகள். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுப்பது என்று விரதம் வைத்திருந்த ராஜாவைச் சோதிக்கச் சிவபெருமானே அடியார் வேஷத்தில் வந்து, இன்று இரவு எனக்கு ஒரு பெண் வேண்டும் என்றார். ஊரில் இருந்த கணிகையர் அத்தனை பேரையும் சுவாமியின் கணங்களே முன்கூட்டி அமர்த்திக்கொண்டுவிட்டார்கள். வாக்குத் தவறக் கூடாதே என்று ராஜா இளைய ராணி சல்லம்மாவை அனுப்பிவைத்தார். அவள் போய் எழுப்பியபோது, படுத்திருந்த அடியார் பச்சைக் குழந்தையாகிவிட்டார். ராஜாவும் ராணியும் அந்தக் குழந்தையை வாரி அணைத்துக் கொஞ்சினார்கள். கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே குழந்தை மறைந்தது. ரிஷப வாகனத்தில் காட்சி தந்த இறைவன், உனக்கு நானே பிள்ளை, உன் கடைசிக் காரியங்களை நானே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

சல்லம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்வி இந்த இடத்தில் உங்கள் நாக்கில் வந்து நிற்கும். என் நாக்கிலும் நிற்கிறது. கேட்டதாகப் புராணம் சொல்லவில்லை. பிள்ளைக்காக ஒரு பெண்ணைக் கேளாமலே அவள் சார்பில் முடிவு செய்யும் பழக்கம் புராணத்தோடு முடிந்துபோகவும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனிச் சரித்திரம். புராணத்து வல்லாளன் கற்பனை ராஜா அல்ல. ஹொய்சள வம்சத்து மூன்றாம் வீர வல்லாளன். 1311-இல் மாலிக் காபூரின் படை அவனுடைய தலைநகரான துவாரசமுத்திரத்தின் மீது வந்தது. பிறகு தில்லிப் படைகளால் அந்த நகரமே பாழானபோது, வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு நெடுங்காலம் இங்கிருந்தே ஆண்டான். கோயிலில் வல்லாள கோபுரம் என்று அவன் பெயராலேயே ஒரு கோபுரம் நிற்கிறது. மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டபின் அவர்களோடு ஓயாத யுத்தம். கடைசி யுத்தம், 1342-ஐ ஒட்டி, திருச்சிக்கு அருகே கண்ணனூர்க் கொப்பத்தில் நடந்தது.

அதன் முடிவை நமக்குச் சொல்பவர் மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா. அந்தச் சமயத்தில் மதுரையில் சுல்தானாக இருந்த கியாசுத்தீன் அவருக்கு உறவுக்காரர். கோட்டையை முற்றுகையிட்டு வெற்றியைக் கையருகே வைத்திருந்த வல்லாளன், எதிரிக்குத் தவணை கொடுத்தானாம். அந்தத் தவணைக்குள் சுல்தானின் படை எதிர்பாராமல் வந்து விழுந்தது. எண்பது வயதைத் தாண்டிய கிழ ராஜா சிறைப்பட்டான். விடுதலை தருவதாகச் சொல்லி அவனிடம் இருந்த பொருளையெல்லாம் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தம் கண்ணால் கண்டதாகவே யாத்திரிகர் எழுதிவைத்திருக்கிறார்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வல்லாளன் பிள்ளையில்லாதவன் அல்ல! விருபாக்ஷன் என்ற மகன் அவனுக்கு இருந்தான். நான்காம் வல்லாளன் என்று பட்டமும் ஏற்றான். 1346-க்குப் பிறகு அவனைப் பற்றிய தகவல் இல்லை. ஹொய்சள வம்சமும் அவனோடு முடிந்தது. சொந்தப் பிள்ளை இருந்த ராஜாவை ஊர் ஏன் மலடனாக்கிக் கதை கட்டியது?

சரித்திர ஆசிரியர்கள் இதற்கு வேறு விடை சொல்லக்கூடும். கதை எழுதுகிறவனுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மகன் இருந்தும், கொள்ளி வைக்க உடல் இல்லை. உடல் மதுரை மதிலில் வைக்கோல் பொம்மையாகத் தொங்கியது. அடுத்த சில வருஷங்களில் திதி கொடுக்க வம்சமும் இல்லை. தங்களோடு வாழ்ந்த ராஜா எள்ளும் தண்ணீரும் இல்லாமல் போவதை ஊராருக்குத் தாங்கியிராது. மனிதர்களில் ஒருவரும் மிஞ்சாதபோது, மலையாக நிற்கிறவரையே பிள்ளையாக்கிவிட்டார்கள். அவருக்குத்தான் சாவு இல்லை. வருஷந்தோறும் தவறாமல் வருவார்.

பிள்ளை எதற்கு என்ற கேள்விக்கு நம் முன்னோர் தந்த பதிலும் இதுதான். புத் என்ற நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுகிறவன் புத்திரன். கரையேற்ற ஆள் வேண்டும் என்பதில் அவர்கள் எவ்வளவு கவலையாக இருந்தார்கள் என்றால், மனு தர்ம சாஸ்திரம் பன்னிரண்டு வகைப் பிள்ளைகளுக்கு ஜாபிதா போட்டிருக்கிறது. தனக்குப் பிறந்தவன் ஔரசன். பெற்றவர்கள் மனமொத்துக் கொடுத்தவன் தத்தன். தாய் தகப்பன் இல்லாமலோ, காரணமின்றி அவர்களால் தள்ளப்பட்டோ, தானே வந்து தன்னைக் கொடுத்துக்கொள்கிறவன் ஸ்வயம்தத்தன். பெற்றவர்கள் கைவிட்டுப் போக, வேறொருவர் எடுத்து வளர்க்கும் குழந்தை அபவித்தன். நேயர்கள் இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாமலையார் வல்லாளனுக்கு ஸ்வயம்தத்தன் என்று சொல்லலாம். 1896-இல் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரையில் வீட்டாருக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு, தன் தகப்பனைத் தேடி ரயிலேறி இதே ஊருக்கு வந்து அண்ணாமலையாரிடம் தன்னை ஒப்படைத்தானே, பிற்காலத்து ரமண மகரிஷி, அவரையும் அந்த வகையில் சேர்க்கத் தோன்றுகிறது. திருவண்ணாமலைக்கும் பிள்ளையாகத் தன்னைக் கொடுத்துக்கொள்வதற்கும் ஏதோ பூர்வ பந்தம்.

அபவித்தனுக்கு மட்டும் இப்படி ஒரு அதிருஷ்டம் வாய்க்கவில்லை. கலியுகத்தில் ஔரசன், தத்தன் ஆகிய இரண்டு பேர்தான் செல்லும், மற்றவர்கள் தள்ளுபடி என்று பிற்காலத்து நிபந்தனைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். காசியில் நந்த பண்டிதர் எழுதிய தத்தக மீமாம்சையை 1821-இல் சதர்லாண்ட் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்த பிறகு, வெள்ளைக்கார நீதிபதிகளுக்கு அதுவே வேதமாயிற்று. தத்து என்றால் தாயோ தகப்பனோ கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆளில்லாத குழந்தையைத் தத்து எடுக்க முடியாது. எந்தக் குழந்தைக்குத் தாய் தகப்பன் அவசரமாக வேண்டுமோ, அந்தக் குழந்தை ஒன்றுக்குத்தான் சட்டம் கதவைச் சாத்தியது.

நம் கதைகள் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜனகனுக்கு உழவுசாலில் கிடைத்தவள் சீதை. அதிரதனும் ராதையும் ஆற்றில் வந்த பெட்டியிலிருந்து எடுத்தவன் கர்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாருக்குத் துளசிச் செடியடியில் கிடைத்தவள் கோதை. யாரும் கொடுக்காமலே கிடைத்த குழந்தைகள் இவர்கள். பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டோம்; ஒரு கோதை நிஜமாகவே தோட்டத்தில் கிடந்தால் அவளை மகளென்று பதிவு செய்ய வழியில்லாமல் வைத்திருந்தோம்.

பெண் குழந்தைக்கு இரட்டைத் தாழ்ப்பாள். பிண்டம் வைக்கத்தான் தத்து என்றால் பெண் எதற்கு? தேவதாசிகள் பெண் குழந்தைகளைத் தத்து எடுத்ததை மட்டும் சென்னை ராஜதானிக் கோர்ட்டுகள் வழக்கம் என்ற பெயரில் ஒரு வரம்புக்குள் ஏற்றுக்கொண்டன. குடும்பங்களுக்குச் சட்டத்தில் இருந்தது சுவீகார புத்திரன்தான்.

அந்தப் புத்திரனுக்காகவும் எத்தனை வியாஜ்யம்! 1855-இல் தஞ்சாவூர் சிவாஜி ராஜா ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கும்பினியார் ராஜ்யத்தை முடித்துவிட்டார்கள். ராமநாதபுரத்தில் விதவை ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்கம் என்ற பையனைச் சுவீகாரம் எடுத்தார். புருஷன் உயிரோடு இருக்கையில் அனுமதி கொடுத்தாரா என்று சர்க்கார் கேட்டது. சுவீகாரம் செல்லாவிட்டால் ஜமீன் சர்க்காருக்கு, விஷயம் அவ்வளவுதான். சர்க்கார் தரப்பில் நின்றவர் மதுரைக் கலெக்டர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1868-இல் தீர்ப்பாயிற்று. திராவிட தேசத்து வழக்கப்படி, புருஷன் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்து எடுக்கலாம் என்றார்கள். இந்தத் தீர்ப்பு வேறு மாதிரி போயிருந்தால், முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதி ராமநாதபுரத்துக்கு ராஜாவாகியிருக்க முடியாது; விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டிய அந்த உதவிக் கரமும் இருந்திருக்காது.

ஆனால் கவனியுங்கள். ராணி ஜெயித்ததும் அவள் தாயாக விரும்பியதற்காக அல்ல. அவள் எடுத்தது புருஷனுக்குப் பிள்ளை. சம்மதம் கேட்க வேண்டியது பங்காளிகளிடம். சல்லம்மாவை யாரும் கேட்கவில்லை என்றோமே, ஐந்நூறு வருஷம் கழித்தும் ஏட்டில் நிலைமை அதுதான்.

ஏட்டில் இடமில்லாததையும் மனிதர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். மண்டகொளத்தூரைச் சேர்ந்த லட்சுமி அம்மாள், எச்சம்மாள் என்று ரமண பக்தர்கள் அன்போடு சொல்கிறவர், இருபத்தைந்து வயதுக்குள் புருஷனையும் மகனையும் மகளையும் வரிசையாகப் பறிகொடுத்தார். துக்கம் தாளாமல் திருவண்ணாமலைக்கு வந்து, மலைமேல் இருந்த இளம் துறவிக்குத் தினமும் சமைத்து எடுத்துப் போய்ப் படைத்தார். சில காலத்துக்குப் பிறகு அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு, செல்லம்மாள் என்ற பெண்ணை மகளாக எடுத்து வளர்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். பேரன் பிறந்ததும் ரமணன் என்றே பெயரிட்டார். ஒருநாள் தந்தி வந்தது. செல்லம்மாள் இறந்துவிட்டாள். தந்தியை எடுத்துக்கொண்டு எச்சம்மாள் மகரிஷியிடம் ஓடியபோது, அதைப் படித்த மகரிஷியின் கண்களிலும் நீர் வந்ததாக ஆசிரமத்தார் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு விதவை தனக்கென்று ஒரு மகளை எடுத்துக்கொள்வதை அன்றைய சாஸ்திரமும் அறியாது, கோர்ட்டும் அறியாது. செல்லம்மாள் எந்தப் பிண்டத்துக்கும் உதவாதவள். இறந்தபோது அழுவதற்கு ஒரு தாய் இருந்தாள். வல்லாள ராஜாவின் சுவீகாரத்தைவிட இந்தச் சுவீகாரத்தில் எனக்கு மனம் அதிகம் ஒட்டுகிறது.

1956 டிசம்பர் 21-ஆம் தேதி இந்து சுவீகாரச் சட்டம் அமலுக்கு வந்தது. பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம். விதவையும் கல்யாணமாகாதவளும் தமக்கே எடுத்துக்கொள்ளலாம். தத்த ஹோமம் கட்டாயமில்லை. புருஷன் எடுத்தால் மனைவியின் சம்மதம் வேண்டும் என்றும் எழுதினார்கள். கடைசியில் சல்லம்மாவைக் கேட்டாயிற்று! புருஷன் சம்மதத்தோடு மனைவியே தத்து எடுக்கலாம் என்ற திருத்தம் வர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அபவித்தன் திரும்பி வந்தது 1962-இல். பெற்றவர்கள் கைவிட்டுப் போன குழந்தையையும், பெற்றவர் யாரென்றே தெரியாத குழந்தையையும், கோர்ட்டின் முன் அனுமதியோடு அதன் காப்பாளரே தத்துக் கொடுக்கலாம் என்று அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டு மூன்று வரித் திருத்தம். பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வருகிற சங்கதி அல்ல. பல நூற்றாண்டுகளாகச் சாத்தியிருந்த கதவு அந்த வரிகளில் திறந்தது. மற்ற மதத்தாருக்கு 1890-ஆம் வருஷத்துச் சட்டப்படி காப்பாளராக இருக்க மட்டுமே முடிந்தது. 2000-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் எல்லா மதத்தாருக்கும் ஒரே வழியைத் திறந்தன. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

கதவு திறந்ததும் வாசலில் நின்றவை பெரும்பாலும் பெண் குழந்தைகள். 1992-இல் சேலத்தில் ஜெயலலிதா அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கள்ளிப்பால் கதைகளைக் கேட்டு நாடே தலைகுனிந்திருந்த காலம். கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது சர்க்கார். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி ஜில்லாக்களுக்கும் திட்டம் போயிற்று. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பெண் குழந்தைகளின் விகிதம் குறைந்திருந்த ஐந்து ஜில்லாக்களைச் சேர்த்தபோது, கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் ஆகியவற்றோடு ஐந்தாவது பெயர் திருவண்ணாமலை. தெய்வம் பிள்ளையாக வந்த ஊரில், வேண்டாத பெண்ணுக்குச் சர்க்கார் தொட்டில் கட்ட வேண்டியதாயிற்று.

பெற்றவர்கள் பொறுப்பைக் கழித்துக்கொள்ள இது சுலபமான வழியாகிவிடும், வரதட்சிணையைத் தொடாமல் தொட்டிலைக் கட்டி என்ன பயன் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வரதட்சிணை ஒழிகிறவரை காத்திருக்கப் பிறந்து ஒரு நாளான குழந்தைக்கு அவகாசம் இல்லை. தொட்டில் கட்டியவர் பக்கமே நான் நிற்பேன்.

தொட்டிலில் இருந்து ஒரு வீட்டுக்குப் போகும் வழி இப்போது முன்பிருந்தது போல இல்லை. முன்னெல்லாம் சுவீகாரம் என்றால் குழந்தையைப் பரிசோதிப்பார்கள். கோத்திரம், ஜாதகம், நிறம், மூக்கு, பெற்றவர்களின் பூர்வோத்தரம். இன்றைக்குப் பரிசோதனை எடுக்கிறவருக்கு. மத்திய சுவீகார ஆணையத்தில் கம்ப்யூட்டர் மூலம் பதிவு செய்துகொண்டால், சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். உங்கள் உடம்பு எப்படி, வருமானம் என்ன, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருக்கிறீர்களா, குழந்தையிடம் உண்மையைச் சொல்வீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். நம்மையே வந்து கேள்வி கேட்கிறார்களே என்று சில பெரிய மனிதர்களுக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

அந்தப் பக்கம் குழந்தை நல குழு குழந்தைக்காகக் காத்திருக்கிறது. கண்டெடுத்த குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதானால் இரண்டு மாதம், அதற்கு மேற்பட்டதானால் நான்கு மாதம், பெற்றவர்கள் தேடி வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். தாங்களே ஒப்படைத்தவர்களுக்கு மனம் மாற அறுபது நாள் தவணை. அதற்குப் பிறகுதான் தத்துக்கு உரிய குழந்தை என்று அறிவிப்பார்கள். வரிசையில் நிற்கும் தம்பதிகளுக்கு இதெல்லாம் பெருந் தாமதமாகத் தோன்றுகிறது. கைக்குழந்தை வேண்டுமென்பவர்கள் சில வருஷங்கள்கூடக் காத்திருக்கிறார்கள். அந்தத் தாமதத்தில்தான் தரகன் நுழைகிறான். இன்ன ஆஸ்பத்திரி, இன்ன விலை என்கிறான். 2019-இல் நாமக்கல் ஜில்லா ராசிபுரத்தில் குழந்தைகளை விலை பேசி விற்றவர்கள் பிடிபட்டபோது தமிழ்நாடே பதறியது. விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், லட்ச ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நாம் சொல்கிற பழமொழியிலேயே தன் பிள்ளைக்கு ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. தரகனைத் தேடிப் போகிறவர்களுக்கோ அந்த ஊராரைப் பற்றிய நினைப்பே இல்லை. விற்கப்பட்ட குழந்தையை ஒரு தாய் எங்கோ தேடிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

2022 செப்டம்பர் முதல் தேதி வரை கடைசி உத்தரவு கோர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இப்போது ஜில்லா மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டரே கையெழுத்துப் போடுகிறார். ஒரு சுவீகாரத்தைச் செல்லாததாக்க லண்டன் வரை வழக்காடிய மதுரைக் கலெக்டரின் நாற்காலிக்குச் சமமான நாற்காலிதான் அது. அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம். தாய் தகப்பன் என்ற இடத்தில் எடுத்து வளர்ப்பவர்களின் பெயர் இருக்கும்.

பதினெட்டு வயதானபின், தான் எங்கிருந்து வந்தோம் என்று தேடிக் கேட்கவும் அந்தக் குழந்தைக்கு விதிகளில் இடம் இருக்கிறது. பெற்றவர்கள் தங்கள் பெயரை மறைக்கச் சொல்லியிருந்தால், அவர்கள் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். தொட்டிலில் போட்டுவிட்டு இருட்டோடு போய்விட்டவர்கள் விஷயத்தில் மறைக்கப் பெயரே இராது. பல சமயம் பழைய பதிவில் இருக்கக்கூடியது கண்டெடுத்த இடமும் தேதியுந்தான்.